பங்களாத் தரையில் நாய்முடி: மலையகத் தோட்டங்களில் கணக்கில் ஏறாத ஓர் உழைப்பு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, திம்புள்ள, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் கொழுந்து பறித்தலையும், தேயிலைச் செடியைக் குறித்த காலத்தில் வெட்டிக் குறுக்கும் கவ்வாத்து வேலையையும், தொழிற்சாலையில் நடக்கும் வாட்டுதல், அரைத்தல், சலித்தல் முதலியவற்றையும் விரிவாகச் சொல்லியிருக்கின்றன. தோட்டங்களை நிருவகித்த துரைமாரின் பங்களாக்களுக்குள் நாள்தோறும் நடந்த துப்புரவு வேலையோ அந்த வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. அதிலும் வளர்ப்பு நாய்கள் உதிர்த்த முடியைக் கம்பளத்திலிருந்தும் கதிரைகளிலிருந்தும் திரைச்சீலைகளிலிருந்தும் அகற்றிய வேலை, அதைச் செய்தவர்களின் கைகளுக்கு அப்பால் எங்கும் பதிவாகவில்லை. கொழுந்துக்கு இறாத்தல் கணக்கு உண்டு. நீக்கப்பட்ட முடிக்கு எந்த நிறுவையும் இல்லை. வேலை செம்மையாக முடிந்ததற்கு அடையாளமே அங்கு ஒன்றும் எஞ்சாமல் இருப்பதுதான் என்பதால், இவ்வுழைப்பு தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டது எனலாம்.

வீட்டுக்குள் விலங்கு முடி என்பது மலைநாட்டின் பழைய சிக்கலன்று. கண்டிச் சிங்களக் கிராமங்களிலும், பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளர் புறப்பட்டு வந்த திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் ஊர்களிலும் நாய் முற்றத்தையும் திண்ணையையும் சேர்ந்த பிராணியாகவே இருந்தது. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து படுக்கும் வழக்கம் அதற்கு இல்லை. மெழுகிய மண்தரையில் விரிப்பதும் ஓலைப்பாய் அல்லது கோரைப்பாய்தான் என்பதால், முடி தங்குவதற்கு அங்கே இடமும் குறைவு. கம்பளம் விரித்த அறையும், அதில் படுக்க அனுமதி பெற்ற நாயும் ஒரே குடியேற்றத்தின் இரு பகுதிகளாக மலையேறி வந்தபோதே இந்த வேலையும் பிறந்தது.

அந்த வருகையின் தொடக்கத்தை 1848ஆம் ஆண்டிலேயே காணலாம். பின்னாளில் நைல் நதி ஆய்வுப் பயணங்களால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை அமைக்க முற்பட்டபோது, காளை, பசு, செம்மறிக் கிடாய்கள், குதிரை ஆகியவற்றோடு நரிவேட்டை நாய்களின் சிறு கூட்டம் ஒன்றையும் தமக்குப் பிரியமான சாம்பல்வேட்டை நாய் ஒன்றையும் இங்கிலாந்திலிருந்து வருவித்தார். கடல் மட்டத்திலிருந்து 1,860 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்தச் சமவெளியில் மரை என்னும் பெரிய மான் வகையை நாய்களைக் கொண்டு துரத்தி வேட்டையாடுவது அவருடைய பெரும் விருப்பம். அவர் எழுதிய இரு நூல்களின் வழியாக அது ஆங்கிலேயரிடையே பெரிதும் பரவியது. பேக்கரின் நாய்கள் தனிக் கொட்டிலில் வாழ்ந்த வேட்டைநாய்கள், மடியில் கிடந்த செல்லப்பிராணிகளல்ல. எனினும், மலைநாட்டில் வாழும் வெள்ளையர் வீடு என்றால் அதில் நாய்கள் இருக்கும் என்ற வழக்கத்துக்கு அவருடைய குடியேற்றம் ஒரு முன்மாதிரியாயிற்று.

கோப்பிக் காலத்துத் தோட்டத்துரையின் இருப்பிடம் பெரும்பாலும் எளிய கட்டடம்தான். 1869இல் வெளிப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்ததும் இந்நிலையை மாற்றின. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. பருவம் முடிந்ததும் தொழிலாளரில் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது, ஆகவே துரையும் தொழிலாளியும் குடும்பத்தோடு மலையிலேயே நிலைத்து வாழ வேண்டியதாயிற்று. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானு ஓயாவையும் எட்டியபின், தளபாடமும் கம்பளமும் திரைச்சீலைத் துணியும் மாட்டுவண்டியின் அளவுக்குக் கட்டுப்படாமல் மேலே வந்தன. கணவரோடு வந்து குடியிருந்த துரைசாணிமாரின் எண்ணிக்கையும் பெருகியது. கணப்பு அடுப்பும், அதன்முன் விரித்த கம்பளியும், அதன்மேல் சுருண்டு கிடக்கும் நாயும் இங்கிலாந்து வீட்டின் ஒரு துண்டைத் தேயிலை மலையில் நட்டுவைப்பதற்கான முயற்சியாக அமைந்தன.

நாய் வீட்டுக்குள் வந்ததற்குப் பாசம் மட்டும் காரணமன்று. தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் வாழும் சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. இன்றும் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் இரவில் வெளியே விட்ட நாயைச் சிறுத்தை கொண்டுபோவது உண்டு. எனவே இருட்டியதும் நாயை உள்ளே எடுப்பது அதன் உயிர்காக்கும் ஏற்பாடாயிற்று. மழைக்காலத்தில் அட்டைகள் நாயின் கால்விரல் இடுக்குகளிலும் மூக்குத் துளைகளிலும் ஏறிக்கொள்ளும். தேயிலைச் செடிகளுக்கிடையே துரையோடு சுற்றித் திரும்பும் நாயின் உடலில் அட்டையும் உண்ணியும் சேறும் ஒட்டியிருக்க, அவற்றை நீக்கி, உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் ஊற்றிய தகரத்தில் போட்டு, ஈர உடலைச் சாக்கால் துடைத்த பிறகே உள்ளே விடுவர். அந்தத் துடைப்பில் கழன்றது போக மீதி முடி, உலர்ந்தபின் வீட்டுக்குள் உதிர்ந்தது.

இங்கே தட்பவெப்பத்தின் பங்கையும் கருத வேண்டும். குளிர்நாட்டு நாய்களின் உடலில் நீண்ட மேல்முடியும் அதன் அடியில் பஞ்சுபோன்ற உள்முடியும் என இரு அடுக்குகள் இருக்கும். பகற்பொழுதின் நீளம் பருவத்துக்குப் பருவம் மாறுவதை உடல் உணர்ந்து, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் அவை பெருமளவில் முடியை உதிர்க்கும். இங்கிலாந்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே பகற்பொழுது பல மணிநேரம் வேறுபடுகிறது. வட அகலாங்கு 7 பாகையில் உள்ள மத்திய மலைநாட்டிலோ அந்த வேறுபாடு ஒரு மணிநேரத்துக்கும் குறைவு. பருவத்தின் அறிகுறி இவ்வளவு மங்கலாக உள்ள இடத்தில் நாய் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக முடி உதிர்ப்பது இயல்பு. இங்கிலாந்து இல்லத்தரசிக்கு வசந்தகாலப் பெருந்துப்புரவு என்று ஒரு முடிவுநாள் இருந்தது, மலையகப் பங்களா வேலையாளுக்கு அப்படியொரு நாள் இல்லை. தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களில் ஈரத்தால் முடி துணியின் இழைகளுக்குள் படிந்துவிடும். சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில், நுவரெலியாவில் உறைபனி விழும் அந்தக் காலத்தில், காய்ந்த கம்பளியும் முடியும் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் பெற்று, தட்டினாலும் விழாமல் ஒட்டிக்கொள்ளும். சேற்றுக்காலத்துக்கு ஒரு முறை, வறட்சிக்கு மற்றொரு முறை என வேலையாள் தன் கைவழியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இவ்வேலையைச் செய்தவர்கள் யார் என்ற கேள்வி பங்களாவின் படிநிலைக்கு இட்டுச் செல்கிறது. பங்களா வேலையாட்களின் தலைவர் அப்பு. அவருக்குக் கீழே குசினியைப் பார்க்கும் கோக்கி என்னும் சமையற்காரர், அறைகளைக் கவனிக்கும் பையன், குழந்தைகளுக்கு ஆயா, குதிரைக்காரர், தோட்டக்காரர், தபாற்பை சுமக்கும் தப்பால்காரர் என வரிசை நீளும். எல்லாப் பங்களாக்களிலும் இத்தனை பேர் இருந்தனர் என்று கொள்ளலாகாது. சின்னதுரை, அதாவது உதவி முகாமையாளர், தனியே வாழ்ந்த சிறிய பங்களாவில் ஒருவரே மூவர் வேலையைப் பார்த்தார். பிரித்தானிய இந்தியாவில் புளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் வெளியிட்டு நெடுங்காலம் வழக்கிலிருந்த வீட்டுநிருவாகக் கையேடு, ஒவ்வொரு வேலையாளுக்கும் உரிய கடமைகளைத் தனித்தனியே வகுத்திருந்தது. வட இந்தியாவில் நாய்களைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் துப்புரவுப் பணியாளரையே சேர்ந்தது. நாயைத் தொடுவதைப் பிற சாதியினர் இழிவாகக் கருதியதே அதற்குக் காரணம். மலையகத் தோட்டங்களிலும் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் வடிகாலையும் மலசலகூடத்தையும் சுத்தம் செய்த வாசற்கூட்டி என்னும் தொழிலாளி சாதி அடுக்கின் கடைசியிலேயே வைக்கப்பட்டார். பங்களாவுக்குள் கூட்டுபவருக்கு அந்த இழிவு நேரடியாக ஒட்டவில்லையாயினும், நாயின் மயிரைத் தொடும் வேலை படிநிலையில் மேலிருந்து கீழே தள்ளப்பட்டு, கடைசியாக வந்த பையனிடமோ லயத்திலிருந்து உதவிக்கு அழைக்கப்பட்ட பெண்ணிடமோ போய்ச் சேர்வதே வழக்கம்.

வேலையின் ஒழுங்கு நுட்பமானது. காலையில் அறைக்குள் நுழைந்ததும் முதலில் செய்ய வேண்டியது கூட்டுவதன்று, ஈரப்படுத்துவது. உலர்ந்த கம்பளத்தில் தும்புத்தடியை, அதாவது தேங்காய்த் தும்பைக் கட்டையில் பொருத்தி நீண்ட கம்பு பூட்டிய துடைப்பத்தை வீசினால், மெல்லிய உள்முடி காற்றில் எழும்பித் திரைச்சீலையில் போய் ஒட்டும். அதன்பின் அதை இரண்டாம் முறை தேட வேண்டும். இதற்கு விக்டோரியா கால இங்கிலாந்து கண்ட வழி பயன்படுத்திய தேயிலைச் சக்கை. 1861இல் நூல்வடிவம் பெற்ற பீற்றன் அம்மையாரின் வீட்டுநிருவாக நூலும் கம்பளத்தில் தேயிலைச் சக்கையைத் தூவிக் கூட்டும்படி வேலைக்காரிக்கு அறிவுறுத்துகிறது. தேநீர் வடித்த சக்கையைக் குளிர்ந்த நீரில் அலசி, கைப்பிடியில் வைத்து நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கம்பளமெங்கும் உதிர்த்துத் தூவி, சற்று நேரம் விட்டுவிட வேண்டும். நனைந்து சுருண்ட இலைத் துணுக்குகளில் தூசியும் முடியும் பற்றிக்கொள்ளும். பிறகு கம்பளத்தின் இழை சாயும் திசையிலேயே குறுகிய வீச்சுகளாகக் கூட்டிவந்தால், இலையும் முடியும் பின்னிப் பழுப்பு நிறக் கம்பளித் துண்டுபோல் சுருண்டு வரும். ஈரம் மிகுந்துவிட்டால் சக்கையின் துவர்ப்புச் சாயம் வெளிர்நிறக் கம்பளத்தில் கறையாக இறங்கும், குறைந்துவிட்டாலோ முடி பற்றாது. சரியான பதத்தைக் கையேடு சொல்லித் தந்துவிட முடியாது; பிழியும் கைக்குத்தான் அது தெரியும். இங்கிலாந்தில் சேமித்துவைக்க வேண்டிய பொருளாயிருந்த அந்தச் சக்கை, தேயிலை விளையும் மண்ணிலே குசினியில் எந்நேரமும் கிடைத்தது.

கதிரைகளின் துணியுறைக்கு வேறு முறை. உள்ளங்கையை நனைத்து உதறிவிட்டு ஒரே திசையில் அழுத்தி இழுத்தால் முடி திரிதிரியாகத் திரளும்; முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் திரண்டதும் மறுபடி துணிக்குள் நுழைந்துவிடும். பலகைத் தரையில் முடி தங்குமிடம் பலகைகளின் இடுக்கு. அதற்கு விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒற்றை ஈர்க்கு போதும். சிவப்புச் சீமெந்துத் தரையில் சிக்கல் வேறுவிதமானது. மெழுகு பூசிப் பளபளப்பாக்க வேண்டிய அத்தரையில் முடி கிடக்கும்போதே மெழுகைத் தடவிவிட்டால், முடி மெழுகுக்குள் அமுங்கி, பக்கவெளிச்சத்தில் கீறல்போலத் தெரியும். ஆகவே ஈரத்துணியால் துடைத்து, தரை உலர்ந்ததை உறுதிசெய்து, மெழுகை மெல்லியதாகத் தடவி, அதன்பிறகே தேங்காய் மட்டையை எடுப்பர். குறுக்கே பாதியாக வெட்டிய மட்டையின் தும்பு முனைகள் தரையைப் பார்க்கும்படி வைத்து, மேலே ஒரு காலை ஊன்றி, இடுப்பை இருபுறமும் ஆட்டி நெடுநேரம் தேய்ப்பர்; தப்பிய முடியும் அந்தத் தும்பு முனைகளில் சிக்கிக்கொள்ளும். தென்னை வளராத இந்த உயரத்துக்குத் தும்புத்தடியும் ஈர்க்கு விளக்குமாறும் மட்டையும் தாழ்நாட்டிலிருந்து வந்தாக வேண்டும். பங்களாவின் பளபளப்பு இவ்வாறு தென்னங்காட்டின் கழிவுப் பொருள்களிலும் லயத்துக் கால்களின் வலுவிலும் தங்கியிருந்தது.

நாரையும் இழையையும் பிரித்தெடுக்கும் இத்திறமை பங்களாவோடு நின்றுவிடவில்லை என்பது கவனத்துக்குரியது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உலர்ந்த தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் விரல்களால் பொறுக்கி நீக்கும் வேலை பெண்களுடையதாக இருந்தது. குச்சி பொறுக்குதல் என்று அதைச் சொல்வர். தேயிலைக் குவியலைப் பரப்பி, கறுத்த இலைக்கிடையே சிவந்து தெரியும் காம்பைக் கண்ணால் பிரித்து எடுப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலையோ, அவ்வளவு விரைவும் கேட்கும் வேலை. தேயிலைக் குருத்தின்மேல் உள்ள மென்முடி, குருத்தோடு ஒட்டி வெள்ளி நிறத்தில் நிற்கும்வரை விலையுயர்ந்த சரக்கின் அடையாளம். அதுவே சலிக்கும்போது கழன்று பஞ்சுத்தூசியாகப் பறந்து கூரைச் சட்டங்களிலும் தொழிலாளரின் தலைமயிரிலும் படிந்தால் கழிவு. 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தொழிற்சாலையில் கூட்டிவாரியதையும் அந்தப் பஞ்சுத்தூசியையும் முற்றிய காம்பையும் கழிவுத் தேயிலை என்ற வகையில் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. பின்னர் வந்த இயந்திரம் ஒன்று இந்தக் கைவேலையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. கம்பளித் தடிப்புத் துணியில் உரசிச் சுழலும் நெகிழி உருளைகள் நிலைமின்னேற்றம் பெற்று, கீழே ஓடும் தேயிலையிலிருந்து நாரையும் காம்பையும் ஈர்த்து எடுக்கும். வறண்ட மாதங்களில் பங்களாக் கம்பளத்தில் நாய்முடியை விடாமல் பிடித்துவைத்த அதே விசைதான் ஸ்டோரில் வேலையாளாக அமர்த்தப்பட்டது. இன்று வீடுகளில் இறப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கதிரை உறையைத் தடவி நாய், பூனை முடிகளைத் திரட்டும் வழக்கத்திலும் உராய்வோடு இவ்விசைக்கும் பங்குண்டு. அந்த இறப்பரின் நாற்றுகளும் 1876இல் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டே இத்தீவில் வேர்கொண்டன.

பங்களாவில் இவ்வேலையை முடித்துத் திரும்பியவர் சென்றடைந்த இடம் லயம். முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகளாகக் கட்டப்பட்ட, 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பராக்களில் ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. அங்கும் நாய் இருந்தது. ஆனால் அதன் இடம் இஸ்தோப்பு எனப்படும் முன்தாழ்வாரத்தோடு முடிந்தது. சமைக்கவும் உறங்கவும் ஒரே அறை உள்ள வீட்டில் நாய்க்கு உள்ளிடம் கிடையாது. சாணத்தால் மெழுகிய தரை, கூட்டும்போது தப்பிய தூசியையும் முடியையும் அடுத்த மெழுகலில் தனக்குள்ளேயே பிணைத்து இறுக்கிக்கொண்டது. அந்த வீட்டைக் கூட்டுவதற்கு நேரம் விடிவதற்கு முன்தான், ஏனெனில் தப்புச் சத்தம் கேட்டதும் பிரட்டுக்களத்தில், அதாவது ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், நின்றாக வேண்டும்.

அரசின் பார்வையும் இரு வீடுகளையும் ஒன்றாக நோக்கவில்லை. விசர்நாய்க்கடி நோயைக் கட்டுப்படுத்த 1893இலும், நாய்களைப் பதிவுசெய்ய 1901இலும் கட்டளைச் சட்டங்கள் வந்தன; பதிவுக் கட்டணம் செலுத்திக் கழுத்துப்பட்டி கட்டிய நாய்க்குப் பாதுகாப்பும், உரியவர் இன்றித் திரிந்த நாய்க்கு ஆபத்துமாக அமைந்த அந்த ஏற்பாட்டில் பங்களா நாய் எந்தப் பக்கம், லயத்து நாய் எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. தொழிலாளர் நோய்கள் பற்றிய 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் லயங்களின் சுகாதாரத்தை மேற்பார்வைக்கு உட்படுத்தியது. வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் உயிர்களைக் குடித்த காலத்தில் அது தேவையான சட்டமே. ஆயினும், அழுக்கைத் தேட வேண்டிய இடம் லயம் என்ற எண்ணமும் அதனோடு நிலைபெற்றது. அந்த லயத்தின் மக்களே பங்களாவின் தூய்மைக்குப் பொறுப்பாளர்களாயிருந்தும், அவர்கள் முன்வாசலால் நுழைய முடியாது, கதிரையில் உட்கார முடியாது. நாய் அந்தக் கதிரையில் படுக்கலாம், அதன் முடியை நின்றபடியே அவர்கள் எடுக்கலாம். துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க அச்சான கையேடுகளில் புகழ்பெற்ற ஒன்றின் தலைப்பே “இங்கே வா” என்னும் ஏவல் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இயந்திரங்கள் இம்மலைகளில் இவ்வேலையைப் பெரிதாக மாற்றவில்லை. அமெரிக்காவின் பிசல் நிறுவனத்தின் கம்பளந்துடைக்கும் பெட்டி 1876இலும், ஹியூபர்ட் பூத்தின் தூசி உறிஞ்சும் பொறி 1901இலும் தோன்றியிருந்தாலும், மின்சாரமும் பழுதுபார்ப்பவரும் இல்லாத மலையில் மலிவான மனித உழைப்பே அவற்றை வென்றது. ஹட்டனுக்கு அருகிலுள்ள லக்சபானவில் 1950இல் நீர்மின் உற்பத்தி தொடங்கிய பிறகும், அந்த மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த லயங்களில் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன.

சுதந்திரத்தோடு துரைமாரின் நிறம் மாறத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. பங்களா அமைப்பு இவை அனைத்தையும் கடந்து நின்றது. வெள்ளைத் துரைக்குப் பதில் உள்நாட்டு முகாமையாளர் வந்தார், வேட்டைநாய்க்குப் பதில் காவலுக்கான அல்சேஷன் வந்தது, தும்புத்தடி மட்டும் அதே லயத்துக் கையில் இருந்தது. இத்திறமையைக் கற்ற குடும்பங்களிலிருந்து சிறுமியர் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட வேதனையான கதையும் இதன் தொடர்ச்சியே.

சட்டம் இவ்வுழைப்பை நோக்கிய விதத்தில் ஒரு முரண் இன்றுவரை நீடிக்கிறது. வீட்டு வேலையாட்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1871இலேயே இயற்றப்பட்டது. அது வேலையாளின் நடத்தையைப் பதிவேட்டில் ஏற்றியதேயன்றி, அவருடைய கூலியை வரையறுக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் ஆகக்குறைந்த கூலிச் சட்டம் தோட்டத் தொழிலாளரைத் தழுவியது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலை வளர்ப்புக்கும் உற்பத்திக்கும் ஒரு சபை, ஓட்டல் தொழிலுக்கு ஒரு சபை எனப் பல சபைகள் அமைந்தன. வீட்டு வேலைக்கு ஒரு சபையும் அமையவில்லை. 2005 முதல் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய பங்களாக்கள் சில சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகளாகப் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. அப்படி மாறிய பங்களாவில் சிவப்புத் தரையைத் துடைப்பவர் ஓட்டல் தொழிலாளி. அவருக்குச் சம்பளச் சபையும் வரையறுத்த வேலைநேரமும் உண்டு. அடுத்த மலையில் தனியார் வீடாகவே இருக்கும் பங்களாவில் அதே வகைத் தரையில் அதே முடியைக் கூட்டியெடுக்கும் வீட்டுப் பணியாளருக்கு அவ்விரண்டும் இல்லை.